எலி: முதலில் ஓட்டை, அடுத்து பொறி, மருந்து கடைசி

வாசகர் கேள்வி – பதில்

மழை தொடங்கியதும் எலி பற்றிய கடிதங்கள் கூடிவிடுகின்றன. வளைகளில் தண்ணீர் ஏறும்போது எலிகள் மேடான, ஈரமில்லாத இடம் தேடும். அது நம் வீடாக இருக்கிறது. இந்த இதழ் முழுக்க எலிக் கேள்விகள்தான்.

எங்கள் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் இரவெல்லாம் ஓட்டம். கேக் மருந்து வாங்கி மேலே போட்டோம். சத்தம் நின்றது, ஆனால் ஐந்தாம் நாளிலிருந்து நாற்றம் தாங்க முடியவில்லை. மருந்து தின்ற எலி தண்ணீர் தேடி வெளியே போய்ச் சாகும் என்றுதானே கடைக்காரர் சொன்னார்? – வாசகி, தாம்பரம்

எல்லாக் கடையிலும் அப்படித்தான் சொல்கிறார்கள். அது உண்மையில்லை. கேக் மருந்தில் பெரும்பாலும் இருப்பது புரோமாடியோலோன், 0.005 சதவீதம். இது ரத்தத்தை உறையவிடாது. தின்ற எலி உடனே சாகாமல் நான்கு முதல் ஏழு நாளுக்குள் உள்ளே ரத்தம் கசிந்து தளர்ந்துபோகும். தளர்ந்த எலி ஒளியப் பார்க்குமே தவிர வாசலைத் தேடாது. கூடு சீலிங்கில் இருந்தால் சாவதும் சீலிங்கில்தான். அதனால் மூடிய கூரைக்குள்ளும் மரத் தடுப்புக்குள்ளும் மருந்து போடவே கூடாது.

இப்போது நாற்றத்துக்கு வழி. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு சீலிங் விளக்கு ஒன்றைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக மொபைல் போனை உள்ளே நீட்டி வீடியோ எடுத்துப் பாருங்கள். பச்சை ஈ எந்த மூலையில் மொய்க்கிறதோ அங்கேதான் இருக்கும். கையுறை போட்டு, பிளாஸ்டிக் பையை உள்வெளியாகத் திருப்பிக் கையில் மாட்டி, அதாலேயே எடுத்துப் பையைத் திருப்பிக் கட்டி, இன்னொரு பைக்குள் போடுங்கள். எட்டாத இடமாக இருந்தால் அங்கே மட்டும் பலகையை வெட்டி எடுப்பது நல்லது. ரூம் ஸ்ப்ரே அடித்துக்கொண்டு காத்திருந்தால் பெரிய எலியின் நாற்றம் இரண்டு வாரம்கூட நிற்கும், பலகையிலும் ஊறிவிடும்.

மேலே ஓடுவது அநேகமாகக் கூரை எலி. மெலிந்த உடம்பு, பெரிய காது, உடம்பைவிட நீளமான வால். புழுக்கை அரை அங்குல நீளத்தில் இரு முனையும் கூராக இருக்கும். ஒயர், குழாய், மரக்கிளை எதிலும் ஏறும். ஒன்று செத்தாலும் வழி திறந்தே இருக்கும்வரை அடுத்தது வரும். ஆகவே வழியைக் கண்டுபிடியுங்கள். எலி தினமும் ஒரே தடத்தில் சுவரை உரசிக்கொண்டு போகும். அதன் உடம்பு எண்ணெயும் அழுக்கும் படிந்து, ஓட்டையின் விளிம்பில் கரும்பழுப்புக் கறை உண்டாகும். பழைய துணியால் அந்தக் கறையைத் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுவென்று வந்தால் நடமாட்டம் இப்போதும் உண்டு. காய்ந்து பொடியாக உதிர்ந்தால் பழைய வழி. சந்தேகமாக இருந்தால் இரவில் முகப்பவுடரை மெல்லியதாகத் தூவி வைத்தால் காலையில் கால்தடம் தெரியும். அரிசி மாவு தூவாதீர்கள், தின்றுவிடும்.

ஏசி செம்புக் குழாய் வெளியே போகும் ஓட்டை, எக்ஸாஸ்ட் ஃபேன், கேபிள் ஒயர் நுழையும் துளை, ஓட்டு வீடென்றால் சுவரும் கூரையும் சேரும் இடைவெளி, இவைதான் வழக்கமான வாசல்கள். 12 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் எலிக்குஞ்சு புகும். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் போதும். பென்சில் நுழைகிற துளை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய திறப்புகளில் கால் அங்குலக் கண் உள்ள ஜிஐ வெல்டட் மெஷ் (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி வலை) வைத்து ஸ்குரூ போடுங்கள். நைலான் கொசுவலையை ஒரே இரவில் கடித்துவிடும். சிறு துளைகளில் பாத்திரம் தேய்க்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நாரை இறுகத் திணித்து, மேலே ஒரு பங்கு சிமென்டுக்கு மூன்று பங்கு மணல் கலந்து பூசுங்கள். சாதா இரும்பு நார் துருப்பிடித்து உதிர்ந்துவிடும், கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரமாக. ஸ்ப்ரே ஃபோம் மட்டும் அடித்து விட்டுவிடுகிற ஆட்கள் உண்டு. எலிக்கு அதைக் கடித்துத் துப்புவது பெரிய வேலையில்லை. கூரையிலிருந்து நான்கடிக்குள் வரும் மரக்கிளைகளை வெட்டிவிடுங்கள்.

எல்லா ஓட்டைகளையும் ஒரே நாளில் அடைத்துவிடாதீர்கள். உள்ளே மாட்டிய எலி வெளியே வர வேறு இடத்தைக் கடிக்கும், அல்லது உள்ளேயே சாகும். ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றை அடைத்து, உள்ளே பொறி வையுங்கள். தொடர்ந்து நான்கைந்து இரவு எலி விழாமல், புதுப் புழுக்கையும் இல்லாமல் இருந்தால் கடைசி ஓட்டையையும் அடைக்கலாம்.

கூண்டில் முதல் நாள் ஒரு எலி விழுந்தது. அப்புறம் மசால்வடை வைத்தும் கிட்டவே வருவதில்லை. எலிக்கு அவ்வளவு புத்தியா? – வாசகர், விருதுநகர்

பெரிய எலிக்குப் புதுப் பொருள் எதைக் கண்டாலும் பயம். நேற்று இல்லாத கூண்டு இன்று இருந்தால் சில நாள் சுற்றிப் போகும். சுண்டெலி நேர்மாறு, புதிதாக எதை வைத்தாலும் அன்றே வந்து முகரும். உங்கள் வீட்டில் முதல் நாள் விழுந்தது விவரம் தெரியாத குஞ்சாக இருந்திருக்கும்.

கூண்டின் கதவைக் கம்பியால் திறந்தபடி கட்டிவிட்டு, மூன்று நான்கு இரவு உள்ளே தீனி மட்டும் வையுங்கள். தின்றுவிட்டுப் போகட்டும். தீனி தவறாமல் காலியாகத் தொடங்கியதும் கட்டை அவிழ்த்து பொறியை ஏற்றுங்கள். கூண்டைச் சுவரை ஒட்டி, எலி ஓடும் தடத்திலேயே வைக்க வேண்டும். அறை நடுவில் வைத்தால் வராது. மரப்பலகை ஸ்பிரிங் பொறி என்றால் தீனி வைக்கும் முனை சுவரைத் தொடுவது போல், சுவருக்குக் குறுக்காக வையுங்கள். அப்போதுதான் எந்தப் பக்கமிருந்து ஓடிவந்தாலும் அடிபடும். ஒரு பொறி போதாது. சுண்டெலிக்கு ஆறடிக்கு ஒன்று, பெரிய எலிக்குப் பதினைந்து அடிக்கு ஒன்று என்று ஒரே இரவில் பலவற்றை வைத்தால்தான் பலன்.

தீனியில் வடையைவிட நெருப்பில் சுட்ட தேங்காய்ச் சில்லும் கருவாடும் நன்றாக வேலை செய்யும். வாசனை தூரம் போகும், இரண்டு நாள் கெடாது. கொக்கியில் செருகினால் மட்டும் போதாது, நூலால் சுற்றிக் கட்டுங்கள். கட்டாவிட்டால் நுனியில் கடித்து நைசாக உருவிக்கொண்டு போய்விடும், கதவு விழாது. கதவு விழாததற்கு இன்னொரு காரணம் கொக்கியில் துரு. தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, ஈர்க்குச்சியால் தொட்டால் விழுகிறதா என்று பார்த்த பிறகே வையுங்கள். பக்கத்தில் அரிசி மூட்டை வாய் பிளந்து கிடந்தால் எந்தத் தீனியும் எடுபடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

விழுந்த எலியைக் கூண்டோடு வெயிலில் போட்டுச் சாகவிடுவது கொடுமை. அடுத்த தெருவில் திறந்துவிட்டால் அடுத்த தெருக்காரருக்குத் தொல்லை. கொல்வதுதான் முடிவென்றால் நல்ல ஸ்பிரிங் உள்ள பலகைப் பொறி நொடியில் முடித்துவிடும். பசை அட்டையை நாங்கள் சொல்வதில்லை. எலி மணிக்கணக்கில் துடிக்கும். பல்லி, அணில்குஞ்சு, குருவி எல்லாம் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஏதாவது ஒட்டியிருந்தால் சமையல் எண்ணெயை மெதுவாகத் தடவி விடுவியுங்கள்.

இரண்டு வயதுக் குழந்தையும் நாயும் இருக்கும் வீடு. எந்த எலி மருந்து பாதுகாப்பானது? – வாசகி, சேலம்

எதுவும் இல்லை. உங்கள் வீட்டில் பொறி மட்டும் போதும்.

இருந்தாலும் கடையில் எதைக் கொடுக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கருஞ்சாம்பல் நிறப் பொடியாக வருவது ஜிங்க் பாஸ்பைடு. வயிற்று அமிலத்தில் பட்டதும் பாஸ்பீன் என்ற நச்சு வாயு உண்டாகும். இதற்கு மாற்று மருந்தே கிடையாது. டியூப் பேஸ்ட்டாக வருவது மஞ்சள் பாஸ்பரஸ். கல்லீரலை அழிக்கும். எத்தனையோ உயிர்களைப் பறித்த இந்தப் பேஸ்ட்டுக்குத் தமிழ்நாட்டில் தடை போட்டிருக்கிறார்கள். யாராவது ரகசியமாக எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். வீட்டில் பழைய டியூப் கிடந்தாலும் குழந்தை கைக்கு எட்டாமல் உடனே அப்புறப்படுத்துங்கள். கேக் மருந்துக்கு மட்டும்தான் வைட்டமின் கே1 என்ற மாற்று மருந்து உண்டு. அதையும் திறந்து போடாமல், பூட்டும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் கம்பியில் கோத்து வெளிப்புறச் சுவரோரம் மட்டுமே வைக்க வேண்டும். மருந்து தின்று தளர்ந்த எலியை நாயோ பூனையோ ஆந்தையோ தின்றால் அதற்கும் ஆபத்து.

செல்பாஸ் என்று சொல்லப்படும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை தானியக் கிடங்குக்கு உரியது. காற்றின் ஈரம் பட்டாலே பாஸ்பீன் வெளியேறும். மனிதர் தூங்கும் வீட்டில் அதற்கு வேலையே இல்லை. 2024 நவம்பரில் குன்றத்தூர் அருகே ஒரு வீட்டில் எலிக்காக வைத்த மருந்தின் நெடியால், ஏசி அறையில் தூங்கிய இரண்டு குழந்தைகள் இறந்ததை மறக்க முடியாது. பூச்சி ஒழிப்பு ஆட்களைக் கூப்பிட்டால் என்ன மருந்து, என்ன அளவு, எந்தெந்த அறையில் என்று எழுதி வாங்குங்கள். பொடியோ மாத்திரையோ வீட்டுக்குள் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

குழந்தை வாயில் வைத்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் வாயைத் துடைத்துவிட்டு 108-ஐ அழையுங்கள். பால், எண்ணெய், உப்புத் தண்ணீர் எதுவும் கொடுக்காதீர்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்து அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். மஞ்சள் பாஸ்பரஸில் முதல் இரண்டு மூன்று நாள் குழந்தை நன்றாகவே இருப்பது போலத் தெரியும். அதை நம்பி வீட்டுக்குத் திரும்பிவிடக் கூடாது.

தோட்டத்தில் மண் குவியல் குவியலாக வந்திருக்கிறது. செப்டிக் டேங்க் ஓரம் தரை உள்வாங்குகிறது. ஒருநாள் கழிவறைக்குள்ளேயே பெருச்சாளி நின்றது. வளைக்குள் தண்ணீர் ஊற்றினோம், பயனில்லை. – வாசகர், கும்பகோணம்

பெருச்சாளி வளைக்குப் பல வாசல் இருக்கும். நீங்கள் ஊற்றிய தண்ணீர் அஸ்திவாரத்து மண்ணைத்தான் இளக்கியிருக்கும். இனி ஊற்றாதீர்கள்.

முதலில் எந்த வளை நடப்பில் இருக்கிறது என்று பாருங்கள். மாலையில் எல்லா வாசலையும் மண்ணால் லேசாக மூடுங்கள். காலையில் எது திறந்திருக்கிறதோ அதுதான் உயிருள்ள வளை. அதன் அருகே பெரிய கம்பிக் கூண்டை, அடியில் மண் பரப்பி, பக்கங்களில் செங்கல் சாத்தி வையுங்கள். எலிக்கூண்டு இதற்குத் தாங்காது. கதவைத் தூக்கிக்கொண்டு போய்விடும். பிடிபட்டதும் உறுமிக்கொண்டு கடிக்க வரும், வெறுங்கையால் தொடாதீர்கள். இரண்டு மூன்று நாள் எந்த வாசலும் திறக்காமல் இருந்தால் வளையில் உடைகல்லும் மெஷ் துண்டுகளும் திணித்து, மேலே ஜல்லி கான்கிரீட் போட்டு மூடலாம். வெறும் மண் நிரப்பினால் வாரத்தில் மறுபடி தோண்டிவிடும்.

தரை உள்வாங்குவது வேறொன்றையும் சொல்கிறது: நிலத்தடியில் ஏதோ ஒரு கழிவுக் குழாயின் இணைப்பு விட்டிருக்கும். பெருச்சாளி அந்த உடைப்பு வழியாகத்தான் குழாய்க்குள் ஏறியிருக்கிறது. அதைச் சரி செய்யாமல் மற்றதெல்லாம் வீண். சேம்பர் (கழிவுக் குழாய்கள் வந்து சேரும் தரைத்தொட்டி) மூடியைத் திறந்து, கழிவறையில் தண்ணீர் ஊற்றச் சொல்லி, அவ்வளவும் வந்து சேர்கிறதா பாருங்கள். வராவிட்டால் இடையில் உடைப்பு உண்டு. சேம்பர் மூடிகள் விரிசலில்லாமல் இறுக உட்கார வேண்டும். செப்டிக் டேங்க் காற்றுக் குழாயின் தலையில் கால் அங்குல மெஷ் கட்டுங்கள். குளியலறைத் தரை ஜாலி வெறுமனே வைத்ததாக இருந்தால் தலையால் முட்டித் தூக்கிவிடும். ஸ்குரூ போட்ட ஸ்டீல் ஜாலி மாற்றுங்கள். கழிவறைக் கோப்பையில் நிற்கும் தண்ணீர் எலியைத் தடுக்காது, அது முங்கி நீந்தி வரும். குழாயைச் சரிசெய்யும் வரை மூடியைக் கவிழ்த்து மேலே கனம் வையுங்கள். சேம்பருக்குப் போகும் குழாயில் ஒருவழி வால்வு போடவும் பிளம்பரிடம் கேட்கலாம்.

சுவரோரம் திரும்பத் திரும்பத் தோண்டினால், இரண்டடி ஆழத்துக்கு மெஷ் இறக்கி அடிப்பாகத்தை ஓரடி வெளிப்பக்கமாக மடித்துப் புதையுங்கள். தோண்டி வரும் பெருச்சாளி அந்த மடிப்பில் முட்டி நின்றுவிடும்.

வீட்டுக்குள் நீள மூக்கோடு ‘சிக் சிக்’ என்று கத்திக்கொண்டு சுவரோரம் ஓடுகிறதே, அதுவும் எலிதானா? – வாசகி, திருநெல்வேலி

மூஞ்சூறு. எலி இனமே இல்லை. கரப்பான், பூச்சி, புழு தின்னும். ஒயரைக் கடிக்காது, அரிசி மூட்டையை ஓட்டை போடாது. கெட்ட வாடை வரும் என்பதைத் தவிர அதனால் பெரிய கெடுதல் இல்லை. கூண்டில் விழுந்தால் தோட்டத்தில் விட்டுவிடுங்கள். கரப்பானை ஒழித்து, கதவின் கீழ் இடைவெளியை அடைத்தால் தானாக வராது.

காரில் இரண்டு தடவை ஒயர் கடித்துவிட்டது. வாஷிங் மெஷினும் போச்சு. புகையிலை, அந்துருண்டை எல்லாம் வைத்தாயிற்று. ஒலி எழுப்பும் கருவி வாங்கலாமா? – வாசகர், கோயம்புத்தூர்

கருவி வேண்டாம். அந்த ஒலி, நடுவில் சாமான் மறைத்தாலே தடைபடும், சுவரைத் தாண்டாது. சில நாளில் எலிக்கும் பழகிவிடும். புகையிலை, அந்துருண்டை, புதினா எண்ணெய் எல்லாம் வாசனை இருக்கும்வரைதான், அதுவும் நிச்சயமில்லை. அந்துருண்டை நெடி ஏசி வழியாகக் காருக்குள் இருப்பவர்களுக்கும் வரும்.

எலியின் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். அதனால் கடித்துத் தேய்க்காமல் அதற்கு முடியாது. நிறுத்திய காரின் இன்ஜினில் சூடும் இருட்டும் மறைவும் ஒன்றாகக் கிடைக்கின்றன. செடிப் புதர், குப்பைத் தொட்டி, பழைய சாமான் குவியல் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். பூட்டிய கேரேஜ் என்றால் இரவில் பானெட்டைத் திறந்து வைத்தால் மறைவு போய்விடும். ஏசி காற்று உள்ளே போகும் வாயில் மெக்கானிக்கிடம் சொல்லி மெஷ் வைக்கச் சொல்லுங்கள். முன்சக்கரங்களின் பின்புறம் தரையில் பலகைப் பொறி வையுங்கள், காலையில் வண்டி எடுக்கும் முன் மறக்காமல் அகற்றுங்கள். எலிக் கூட்டின் குப்பை, கடித்த தேங்காய் நார் இன்ஜின் மேல் கிடந்தால் முழுக்கச் சுத்தம் செய்யுங்கள். அந்த வாடை அடுத்த எலியை இழுக்கும்.

வாஷிங் மெஷினில் பல மாடல்களுக்கு அடிப்பாகம் திறந்தபடிதான் வருகிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மெஷினைச் சாய்த்து, அடிச்சட்டத்துக்கு அளவாக மெஷ் வெட்டிப் பொருத்தச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் தகடு போட்டு முழுக்க மூடினால் மோட்டார் சூடு வெளியேறாது. கடித்த ஒயருக்கு டேப் சுற்றி ஓட்டாதீர்கள், மாற்றிவிடுங்கள். ஷாக்கும் தீயும் அங்கேதான் ஆரம்பிக்கின்றன.

பரணில் நிறைய எலிப்புழுக்கை. பெருக்கித் தள்ளிவிடலாமா? மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் என்கிறார்களே, அது எலி கடித்தால் வருவதா? – வாசகி, வேளச்சேரி

காய்ந்த புழுக்கையைப் பெருக்காதீர்கள், வேக்யூமும் வேண்டாம். தூசி மூச்சில் போகும். ஜன்னலை அரைமணி நேரம் திறந்துவைத்து, மாஸ்க்கும் ரப்பர் கையுறையும் போடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 30 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து, தெளிந்த நீரைப் புழுக்கை நனையும்படி தெளித்து, பத்து நிமிடம் ஊறவிட்டுப் பழைய துணியால் துடைத்து எடுங்கள். இதோடு பினாயிலோ ஆசிட்டோ கலக்கவே கூடாது. ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும்.

எலிக்காய்ச்சல் கடியால் வருவதைவிட எலியின் சிறுநீரால்தான் பெரும்பாலும் வருகிறது. அந்தக் கிருமி தேங்கிய தண்ணீரிலும் சேற்றிலும் உயிரோடு இருந்து, காலில் உள்ள வெடிப்பு, சிராய்ப்பு வழியாகவும் கண், வாய் வழியாகவும் உடம்புக்குள் போகும். வெள்ளத்தில் நடந்தவர்களுக்கு, பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாளுக்குள், திடீர்க் காய்ச்சலும் கெண்டைக்காலில் கடும் வலியும் கண் சிவப்பும் வந்தால் சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு இருக்காதீர்கள். தண்ணீரில் நடந்ததை டாக்டரிடம் சொல்லுங்கள். சீக்கிரம் பிடித்தால் டாக்சிசைக்ளின் போன்ற எளிய மருந்திலேயே குணமாகும். விட்டுவிட்டால் மஞ்சள் காமாலை, சிறுநீரகப் பாதிப்பு வரை போகும். வெள்ளத்தில் இறங்க வேண்டியிருந்தால் கணுக்காலுக்கு மேல் வரும் ரப்பர் பூட்ஸ் போடுங்கள். சம்ப் மூடியில் இடைவெளி இருந்தால் இன்றே அடையுங்கள்.

தை அறுவடை முடிந்ததும் வயல் எலியெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுகிறது. நெல் மூட்டை தாங்குவதில்லை. – வாசகர், திருத்துறைப்பூண்டி

வயலில் தீனி தீர்ந்ததும் வரப்பிலிருந்து கிளம்பி வருகின்றன. அதனால் வேலை அறுவடைக்கு முன்பே தொடங்க வேண்டும். உங்கள் பக்கத்துத் தஞ்சாவூர்க் கிட்டியை (மூங்கில் வில் பொறியை) வீட்டை ஒட்டிய வரப்பில் வரிசையாக, அந்தத் தெருவே சேர்ந்து ஒரே வாரத்தில் வைத்தால் பாதி எலி வீட்டுக்கு வராது. ஒரு வீடு மட்டும் வைத்தால் பக்கத்து வரப்பு எலி வந்து இடத்தை நிரப்பிவிடும்.

மூட்டைகளைத் தரையில் வைக்காமல் ஓரடி உயரத்துக்குக் குறையாத மரச்சட்டத்தில், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடுக்குங்கள். சுவருக்கும் மூட்டைக்கும் நடுவே நீங்கள் நடந்து பார்க்க முடிய வேண்டும். சாப்பாட்டு அரிசியைத் தகர டிரம்மில் மாற்றுங்கள். நெல் அறைக் கதவின் கீழ்ப்பகுதியில் ஓரடி உயரத்துக்குத் தகடு அடித்து, தரைக்கும் கதவுக்கும் நடுவே பென்சில் புகாத அளவு இடைவெளி மட்டும் விடுங்கள். வீட்டை ஒட்டித் தென்னை இருந்தால் ஆறடி உயரத்தில் ஒன்றரை அடி அகலத் தகரத்தை மரத்தைச் சுற்றி அடித்துவிடுங்கள். மட்டை வேறு மரத்தையோ கூரையையோ தொடாமல் இருந்தால்தான் அந்தத் தகரத்துக்குப் பலன் உண்டு.